மாஃபாக்: நடுவில் இழுத்த ஒரு பிரேக்கின் கதை

பிரெஞ்சுச் சைக்கிள் பந்தயத்தைப் பற்றி எழுதப்பட்டவற்றில் முக்கால்வாசி ஏற்றத்தைப் பற்றியவை. எந்த மலையில் யார் யாரைக் கழற்றிவிட்டார், உச்சியை எத்தனை நொடி முன்னால் தொட்டார் என்பதே பேச்சு. ஏறியவர்கள் எல்லோரும் இறங்கியாகவும் வேண்டும். 1910இல் டூர் டி பிரான்ஸ் பந்தயம் பிரனீஸ் மலைத்தொடரின் உயர்ந்த கணவாய்களுக்குள் நுழைந்ததிலிருந்து, இறக்கத்தில் ஓட்டுநரின் உயிர் இரண்டு பிரேக் பிடிகளையும் நான்கு ரப்பர் கட்டைகளையும் நம்பித்தான் இருந்திருக்கிறது. அந்தப் பிடிகளையும் கட்டைகளையும் செய்து, இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய சுமார் முப்பது ஆண்டுக் காலம் பிரெஞ்சுச் சைக்கிள்களில் கோலோச்சிய நிறுவனம் மாஃபாக். 1980களில் அது இல்லாமல் போயிற்று. நல்ல பொருளைச் செய்த நிறுவனம் ஏன் மறைந்தது என்ற கேள்விக்குச் சைக்கிள் வரலாற்று ஆர்வலர்கள் பல விடைகளைச் சொல்கிறார்கள். அவற்றை ஒவ்வொன்றாக உரசிப் பார்க்கலாம்.

மாஃபாக் என்பது ‘ஓவெர்ஞ் வட்டாரச் சைக்கிள் பிரேக், உதிரிப்பாகத் தொழிலகம்’ என்று பொருள்படும் நீண்ட பிரெஞ்சுப் பெயரின் முதலெழுத்துச் சேர்க்கை. ஊர் கிளெர்மோன்-ஃபெரான். எரிமலைக் கருங்கல்லில் கட்டிய கறுத்த தேவாலயமும் மிஷலின் டயர் ஆலையும் அந்த ஊரின் அடையாளங்கள். 1889இல் தொடங்கிய மிஷலின், கழற்றி மாட்டத்தக்க காற்றடைத்த சைக்கிள் டயரை 1891இல் கொண்டுவந்தது. அதே ஆண்டு நடந்த முதல் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் பந்தயத்தில் அந்த டயரைப் போட்டுக்கொண்டுதான் ஷார்ல் தெரோன் வென்றார். கத்தி, கத்தரிக்கோலுக்குப் பிரான்ஸ் முழுக்கப் பேர்போன தியேர் நகரம் கிழக்கே கொஞ்ச தூரம்தான். ஊருக்கு மேலே 1465 மீட்டர் உயரத்தில் நிற்கும் பியூய் தே தோம் எரிமலையில் 1952இல் முதன்முறையாக டூர் ஏறியபோது இத்தாலிய வீரர் கோப்பி வென்றார். 1964இல் அங்கேதான் பிரெஞ்சு வீரர்களான ஆங்கெத்தீலும் பூலிதோரும் தோளோடு தோள் உரசி ஏறினார்கள். சைக்கிள் உலகின் புகழ்பெற்ற புகைப்படங்களில் அந்தக் காட்சியும் ஒன்று. அது உச்சியில் முடியும் கட்டம் என்பதால் உள்ளூர்த் தயாரிப்புக்கு அன்றைக்கு அங்கே பெரிய வேலை இருந்திருக்காது!

மாஃபாக் செய்ததன் அருமை புரிய, அதற்கு முன் என்ன இருந்தது என்று பார்க்க வேண்டும். தொடக்க காலச் சைக்கிளில் பிரேக் என்பது முன்சக்கர டயரின் மேல் கரண்டி மாதிரி ஒரு தகட்டை அழுத்துவது. அடுத்து வந்தது ராடு பிரேக்: இரும்புக் கம்பிகள் வழியே ஒரு லாடத்தை மேல்நோக்கி இழுத்து, ரிம்மின் உள்பக்கத்தில் ரப்பரை அழுத்தும் ஏற்பாடு. இங்கிலாந்தின் கனமான சாலைச் சைக்கிள்கள் இதையே பிடித்துக்கொண்டன. அவற்றின் வழிவந்து சென்னை அம்பத்தூரில் உருவான ஹெர்குலிஸ் வண்டிகளால் நம் ஊரில் மூன்று தலைமுறைக்கு அந்த ராடு பிரேக் பழக்கம். 1896இல் எர்னஸ்ட் பௌடன் காப்புரிமை பெற்ற, உறைக்குள் ஓடும் வளையும் ஒயர்தான் பிரேக்கை இரும்புக் கம்பிகளிலிருந்து விடுவித்தது. ஒயர் எந்த வளைவிலும் போகும். அதனால் பிரேக்கை எங்கே, எப்படி வைப்பது என்பது திறந்த கேள்வியானது.

அந்தக் கேள்வியைப் பிரெஞ்சுக்காரர்கள் வேறெவரையும்விடத் தீவிரமாக எடுத்துக்கொண்டதற்குக் காரணம் பந்தயம் மட்டும் இல்லை. சேன்-எத்தியேன் நகரில் 1887இல் ‘லெ சிக்லிஸ்த்’ இதழைத் தொடங்கிய பால் தெ விவி, ‘வெலோசியோ’ என்ற புனைபெயரில், பல கியர்களோடும் அகலமான டயர்களோடும் மலைகளைச் சுற்றும் ஒரு சைக்கிள் பண்பாட்டையே வளர்த்துவிட்டிருந்தார். 1936இல் மக்கள் முன்னணி அரசு தொழிலாளர்களுக்குச் சம்பளத்தோடு இரண்டு வார விடுமுறையைச் சட்டமாக்கியதும், கூடாரத்தையும் மூட்டையையும் கட்டிக்கொண்டு டாண்டம் எனப்படும் இரட்டை இருக்கைச் சைக்கிளில் குடும்பங்கள் கிளம்பின. இரண்டு பேர், மூட்டை முடிச்சு, மலை இறக்கம். ஒல்லியான பந்தய ஓட்டுநருக்குப் போதுமான பிரேக் இங்கே போதாது. சைக்கிள் கட்டுநர்கள் தங்கள் வண்டிகளைக் கரடுமுரடான பாதையில் ஓட்டிக்காட்டி, எது எடை குறைவு, எது உடையாமல் திரும்பி வருகிறது என்று மோதிப் பார்க்கும் தொழில்நுட்பப் போட்டிகளும் 1930களிலும் 40களிலும் நடந்தன. இலகுவான அலுமினிய உதிரிப்பாகங்கள் வளர்ந்த நாற்றங்கால் அவைதாம்.

பந்தயக்காரர்கள் பக்கம் நிலைமை பிற்போக்காக இருந்தது. பிரேக் சூட்டில் உலோக ரிம் காய்ந்து டயரை ஒட்டியிருக்கும் பசை இளகிவிடும் என்ற அச்சத்தால் டூரில் மர ரிம்கள் நெடுங்காலம் நீடித்தன. 1934இல் அந்தோனேன் மாஞ் வென்றபோது அவருடைய சக்கரங்களில் மேவிக்கின் அலுமினிய ரிம்கள் மரம்போல் வண்ணம் பூசி மறைக்கப்பட்டிருந்தன என்று ஒரு கதை உண்டு. உண்மையோ, விளம்பரமோ, அந்தக் காலத்தின் மனநிலையை அது சரியாகக் காட்டுகிறது. உலோக ரிம் பரவிய பிறகு, பிரேக் கட்டை உரசுவதற்கு வழவழப்பான, உறுதியான பரப்பு கிடைத்தது. அதைப் பயன்படுத்திக்கொள்ளும் பிரேக் இன்னும் வரவில்லை.

போருக்குப் பிறகு, 1940களின் பிற்பகுதியில் மாஃபாக் களமிறங்கியது கேண்டிலீவர் பிரேக்கோடு. முன்பக்க ஃபோர்க்கின் இரு கால்களிலும், பின்பக்கம் பிரேமின் இரு கம்பிகளிலும் சிறு முளைகளைப் பித்தளைப் பற்று வைத்து நிறுத்திவிடுவார்கள். ஒவ்வொரு முளையிலும் ஒரு கை. அது பக்கவாட்டில் நீண்டு நிற்கும். இரு கைகளின் நுனிகளையும் ஒரு குறுக்கு ஒயர் இணைக்கும். அதன் நடுவில் பிரதான ஒயர் மேலே இழுக்கும். கைகள் குட்டையானவை, ஊன்றிய இடம் பிரேமேதான். ஆகவே வளைந்து நெளிந்து விரயமாகும் விசை குறைவு. டயருக்கு மேலே பிரேக்கின் உடல் எதுவும் இல்லாததால் அகலமான டயரும், மட்கார்டும், சேறும் தாராளமாகப் புகும். டாண்டம் ஓட்டிகளும் சேற்று வயல்களில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு ஓடும் சைக்ளோகிராஸ் பந்தயக்காரர்களும் இதைப் பிடித்துக்கொண்டார்கள். பிடித்தவர்கள் விடவே இல்லை. நிறுவனம் மறைந்த பிறகும் நெடுநாள் சைக்ளோகிராஸ் ஓட்டுநர்கள் பழைய மாஃபாக் கேண்டிலீவர்களைத் தேடித் தேடி வாங்கினார்கள்.

மாஃபாக்குக்குப் பெரும்பேர் வாங்கித் தந்தது அடுத்த பொருள். 1952இல் வந்த ‘டுரால் ஃபோர்ஷே’ நடு இழுவை பிரேக்குக்கு, அடித்து வடித்த டுராலுமின் கைகள் என்பதே பெயர்க்காரணம். அதற்குமுன் பந்தயச் சைக்கிள்களில் பரவலாக இருந்தது பக்க இழுவை பிரேக். அதில் இரு கைகளும் ரிம்முக்கு மேலே ஒரே நடு போல்ட்டில் இடுக்கிபோல் சேர்ந்து சுழலும். ஒயர் ஒரு பக்கமாக நின்று இரு கைகளையும் கிட்டச் சேர்க்கும். அன்றைய பக்க இழுவை பிரேக்குகளின் கைகள் நீளமாகவும் மெலிதாகவும் இருந்தன. அழுத்தினால் வளையும். நடுவில் நிற்காமல் ஒரு பக்கம் சாய்ந்து ரிம்மை உரசிக்கொண்டே வரும்.

நடு இழுவையில் சுழல் ஆணிகள் இரண்டு, ரிம்முக்கு இரு பக்கமும் ஒன்று. நடு போல்ட்டில் மாட்டிய ஒரு பாலத் தகட்டின் இரு முனைகளில் அவை உட்காரும். ஆணி பக்கவாட்டுக்கு நகர்ந்துவிட்டதால், ஆணிக்கும் ரப்பர் கட்டைக்கும் இடையே உள்ள கை குட்டையாகிறது. குட்டையான கை வளைவதும் குறைவு. மேல்நுனிகள் இரண்டையும் குறுக்கு ஒயர் இணைக்க, ஒரு சிறு கொக்கி அதை நட்டநடுவில் மேலே தூக்கும். இரு பக்கத்துக்கும் ஒரே விசை போகும். கேண்டிலீவரின் குணத்தில் பாதியை, பிரேமில் எந்த முளையும் வைக்காமல், எந்தச் சைக்கிளிலும் ஒரே போல்ட்டில் மாட்ட முடிந்தது என்பதுதான் இதன் வெற்றி. சில ஆண்டுகளுக்குள் பிரெஞ்சுப் பந்தயச் சைக்கிளென்றால் மாஃபாக் என்ற நிலை வந்தது. பிறகு ‘ரேசர்’ என்று பெயர் மாறி, கைகளில் கொட்டை எழுத்தில் பெயர் பொறித்து வந்த அந்த பிரேக்கைத்தான் இன்று மாஃபாக் என்றதும் எல்லோரும் நினைக்கிறார்கள்.

ரேசரைக் கையில் எடுத்துப் பார்ப்பவருக்கு முதலில் தெரிவது, அது முழுக்கவும் கழற்றி மாட்டத்தக்கது என்பது. ரப்பர் கட்டையின் தண்டு ஒரு துளை போல்ட்டுக்குள் போகிறது. அதைத் தளர்த்தினால் கட்டையை மேலே, கீழே, உள்ளே, வெளியே நகர்த்தலாம், எந்தக் கோணத்திலும் திருப்பலாம். பல போட்டி பிரேக்குகளில் கட்டையை மேலும் கீழும் மட்டும்தான் நகர்த்த முடியும். குறுக்கு ஒயரின் நீளத்தையும் மாஃபாக்கில் கூட்டிக் குறைக்கலாம். அதைக் குட்டையாக்கித் தாழ்த்தினால் ஒயரின் கோணம் விரிந்து இழுவையின் ஆதாயம் கூடும். பிரேக்கின் குணத்தையே மாற்றும் இந்த அமைப்பை உற்பத்தியாளர் ஓட்டுநர் கையில் விட்டுவிட்டார். சைக்கிளை நன்கு அறிந்தவனுக்கு இது வரம். அறியாதவனுக்கு ஒரே அமைப்பில் ஆறு திருகுகள், ஆறிலும் தப்புச் செய்யலாம். மாஃபாக்கின் புகழும் பழியும் சேர்ந்தே பிறந்த இடம் இது என்பது என் எண்ணம்.

ரப்பர் கட்டைகளில் வரிசையாக நான்கு குமிழ்கள் துருத்திக்கொண்டிருக்கும். நிறுவனத்தின் கையெழுத்துபோல அது. பிரேக் பிடிகளுக்கு மேல் போடும் ரப்பர் உறைகள் பாதி, முழு என்று இருவகை. ஊர்சுற்றும் வண்டிகளுக்காகக் கைப்பிடியை ஒட்டியே நீளும் ‘கிதோனே’ பிடிகளையும் செய்தார்கள். இவற்றோடு, சீட்டுக்கு அடியில் தொங்கும் சிறு பையில் தட்டை ஸ்பேனர்களும் டயர் கழற்றும் பட்டைகளும் அடங்கிய ஒரு கருவிப் பை. பிரெஞ்சுச் சைக்கிள்கள் பலவற்றோடு அது கூடவே வந்தது. இன்று பழம்பொருள் சேகரிப்பவர்கள் பிரேக்கைவிட அந்தப் பைக்கு அடித்துக்கொள்கிறார்கள்.

ரேசரின் உச்சகட்டப் பயன்பாட்டைக் கண்டுபிடித்தவர்கள் பாரிஸ் பகுதியின் கைவினைக் கட்டுநர்கள். ரெனே எர்ஸ், அலெக்ஸ் சேஞ்சே போன்றவர்கள் பாலத் தகட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, ஃபோர்க்கிலும் பின் கம்பிகளிலும் முளைகளைப் பற்றவைத்து, மாஃபாக் கைகளை நேரடியாக அதில் மாட்டினார்கள். ஏன் என்றால், பாலத் தகடு ஒரே நடு போல்ட்டில் தொங்குகிறது. கடுமையாகப் பிடிக்கும்போது தகடு கொஞ்சம் முறுக்கிக்கொள்ளும். முளைகள் பிரேமோடு ஒன்றிவிட்டால் அந்த முறுக்கல் இல்லை, தகட்டின் எடையும் மிச்சம். 650 பி என்ற அளவிலான அகல டயரும் மட்கார்டும் போட்ட நெடும்பயணச் சைக்கிள்களில் இந்த ஏற்பாடு வேலைசெய்த விதத்தை அந்த வண்டிகளை ஓட்டியவர்கள் இன்றும் வியந்து பேசுகிறார்கள். நீண்ட கை கொண்ட ‘ரைட்’ மாதிரியை அகல டயர்களுக்காகவும், குட்டைக் கை கொண்ட ‘காம்பெதிசியோன்’, ‘2000’ மாதிரிகளைப் பந்தயத்துக்காகவும் நிறுவனம் பின்னாளில் கொண்டுவந்தது. பொன்னிற முலாம் பூசியவையும் அவற்றில் உண்டு.

பந்தயத்தில் மாஃபாக்கின் கடைசிப் பெரிய மேடை என்று 1975 டூரைச் சொல்லலாம். பெர்னார் தெவெனே பெஜோ அணியின் வெள்ளைச் சைக்கிளில் வந்தார். பிரேக் மாஃபாக், கியர் மாற்றி சேம்ப்லெக்ஸ், பெடல் தண்டு ஸ்ட்ராங்லைட் என்று ஏறக்குறைய முழுப் பிரெஞ்சு வண்டி. எதிரே எடி மெர்க்ஸ், இத்தாலிய நிறுவனமான கம்பாக்னோலோவின் பிரேக்கோடு. ஜூலை 13 அன்று ப்ரா-லூ செல்லும் கட்டத்தில், அலோஸ் கணவாயின் இறக்கத்தில் மெர்க்ஸ் தெவெனேயை விட்டுவிட்டுப் பாய்ந்தார். அந்த இறக்கம் எவ்வளவு மோசமானது என்றால், பியாங்கி அணியின் கார் சாலையிலிருந்து விலகிப் பள்ளத்தில் விழுந்தது. கடைசி ஏற்றத்தில் மெர்க்ஸ் சோர்ந்தார், தெவெனே எட்டிப் பிடித்துத் தாண்டினார், டூரையும் வென்றார். இறக்கத்தில் யார் முன்னால் போனார் என்பதை வைத்து பிரேக்கின் தரத்தை அளக்க முடியாது என்பதற்கு இந்தக் கட்டமே சாட்சி. இறக்கத்தில் முந்துகிறவர் பெரும்பாலும் பிரேக்கைக் குறைவாகத் தொடுகிறவர்.

அந்த 1975இலேயே காற்று திசைமாறியாயிற்று. முதல் விடை இங்கே வருகிறது: கம்பாக்னோலோதான் மாஃபாக்கைக் கொன்றது என்பார்கள். மாஃபாக்கின் வெற்றிக்குப் பிறகு சுவிட்சர்லாந்தின் வைன்மன், இத்தாலியின் யுனிவர்சல் எல்லாம் நடு இழுவை பிரேக் செய்யத் தொடங்கியிருந்தன. யுனிவர்சலின் 61ஆம் மாதிரி இத்தாலியப் பந்தயச் சைக்கிள்களில் சர்வசாதாரணம். 1968இல் கம்பாக்னோலோ தன் ‘ரெக்கார்ட்’ பிரேக்கைக் கொண்டுவந்தபோது அது பக்க இழுவையாக இருந்தது. கைகள் பருமனானவை, அடித்து வடித்தவை, ஆணி துல்லியமாகக் கடைந்தது, பளபளப்பு கண்ணைப் பறிக்கும். பழைய பக்க இழுவையின் குறைகளை வேறு வடிவத்தால் தீர்க்காமல், தரமான வேலைப்பாட்டால் தீர்த்தார்கள். விலை மாஃபாக்கைவிடப் பல மடங்கு. மெர்க்ஸ் அதைப் போட்டுக்கொண்டு எல்லாவற்றையும் வென்றார்.

நிறுத்தும் வலிமையில் அது மாஃபாக்கைவிட உயர்ந்தது என்று சொல்ல முடியாது. அதன் பிடியின் இழுவை ஆதாயம் குறைவு, கைக்கு அதிக வலு வேண்டும். வேகத்தை மட்டுப்படுத்தத்தான் அது, நிறுத்த அன்று என்று கிண்டல் செய்தவர்கள் உண்டு. கையில் கிடைக்கும் உறுதியான உணர்வும், ஒரே திருகில் சக்கரத்தைக் கழற்றும் வசதியும், குறுக்கு ஒயர், கொக்கி, கைப்பிடிக்குக் கீழே ஹெட்செட்டில் ஒயர் தாங்கி என்ற துண்டு துக்கடா இல்லாத சுத்தமான தோற்றமும் சேர்ந்து பந்தயக்காரர்களை மயக்கின. உச்ச நட்சத்திரம் பக்க இழுவைக்கு மாறியதும், நடு இழுவை நேற்றையது என்ற எண்ணம் கடைகள் வரை இறங்கிவிட்டது. ஆனால் நாகரிகம் மாறுவது ஒரு நிறுவனத்தைத் தள்ளாடச் செய்யும், கொல்லாது. வைன்மனும் நடு இழுவையில் பணம் பார்த்த நிறுவனமே. அது பக்க இழுவைகளையும் சேர்த்துச் செய்து தாக்குப்பிடித்தது. மாஃபாக்கும் பின்னாளில் ‘எல்எஸ்’ என்ற பக்க இழுவையைக் கொண்டுவந்தது, ரொம்பவும் பிந்தி.

இரண்டாவது விடை அமெரிக்காவைப் பற்றியது. 1970களின் முதற்பாதியில் அமெரிக்காவில் திடீரென்று வளர்ந்தவர்கள் சைக்கிள் வாங்கத் தொடங்கினார்கள். 1973இல் மட்டும் சுமார் 1.5 கோடி சைக்கிள்கள் விற்றன. உள்நாட்டு உற்பத்தி போதாமல் ஐரோப்பிய ஆலைகள் இரவு பகலாக ஓடின. பெஜோவின் பந்தயரக பிஎக்ஸ்-10 மட்டுமின்றி, மலிவுரக யூஓ-8 வண்டியும் மாஃபாக் ரேசரோடு கப்பலேறியது. ஒரே பிரேக் உயர்ரக வண்டியிலும் மலிவு வண்டியிலும். வாங்குபவன் பார்வையில் இது பிரேக்கின் மதிப்பைக் குறைத்தது. 1974க்குப் பிறகு அந்த அலை வடிந்தபோது பெரும் கொள்முதல்களை நம்பி உற்பத்தியைப் பெருக்கிய பிரெஞ்சுச் சைக்கிள் துறை முழுவதும் மூச்சுத் திணறியது.

கூடவே ரேசரின் சத்தமும் அமெரிக்காவில் பிரசித்தமானது. கட்டையின் முன்முனை ரிம்மை முதலில் தொடும்படி சற்றே திருப்பி வைத்தால் பிரேக் கீச்சிடாது. அதைத்தான் மாஃபாக்கின் துளை போல்ட் சாத்தியமாக்கியது. ஐரோப்பியச் சைக்கிள் கடைக்காரன் கண்ணை மூடிக்கொண்டு செய்யும் வேலை. பெட்டியிலிருந்து பிரித்து அவசரமாகப் பூட்டி விற்ற அமெரிக்கக் கடைகளில் அது நடக்கவில்லை. சிக்னலில் நிற்கும் போதெல்லாம் தெருவே திரும்பிப் பார்க்கும் அளவு அலறல். முன் பிரேக்கில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒயர் தாங்கி மேலே ஹெட்செட்டில் இருப்பதால், கடுமையாகப் பிடிக்கும்போது ஃபோர்க் பின்னால் வளைந்து, ஒயர் தானாகவே இன்னும் இறுகி, பிறகு தளர்ந்து, வண்டி முன்பக்கம் நடுங்கும். கேண்டிலீவர்களுக்கும் இதே நோய். நோய்களுக்கெல்லாம் மருந்து இருந்தது, மருந்து தெரிந்தவர்கள் விற்பனைச் சங்கிலியில் குறைந்துகொண்டே வந்தார்கள்.

மூன்றாவது விடை ஜப்பான். டியா-கொம்பே நிறுவனம் வைன்மனின் உரிமத்தோடு நடு இழுவை பிரேக் செய்யத் தொடங்கி, படிப்படியாகத் தானே வடிவமைக்கும் நிலைக்கு வந்தது. ஷிமானோ 1973இல் ‘டூரா-ஏஸ்’ தொகுதியை அறிமுகப்படுத்தியபோது, அடிப்படையான ஒரு மாற்றத்தையும் கொண்டுவந்தது: பிரேக், கியர், பெடல், அச்சு எல்லாம் ஒரே நிறுவனத்தின் ஒரே தொகுதி. சைக்கிள் ஆலைக்குப் பல பேரிடம் கொள்முதல் செய்யும் தலைவலி இல்லை. மாஃபாக் பிரேக்கை மட்டும், சேம்ப்லெக்ஸ் கியரை மட்டும், மய்யார் அச்சையும் பற்சக்கரத்தையும் மட்டும் செய்துகொண்டிருந்த பிரெஞ்சு உலகத்துக்கு இது மரண அடி. அவர்கள் ‘ஸ்பிடெல்’ என்ற பொதுப் பெயரின்கீழ் ஒன்றுசேர்ந்து விற்றுப் பார்த்தார்கள். பெயர் ஒன்றானதே தவிர, பாகங்கள் ஒன்றுக்கொன்று பொருந்தும்படி சேர்ந்து வடிவமைக்கப்பட்டவை அல்ல.

பிரெஞ்சு அளவுகளும் காலை வாரின என்பது நான்காவது விடை. பெடல் மரை, அடி அச்சு மரை, ஹெட்செட், கைப்பிடித் தண்டின் விட்டம் எல்லாவற்றிலும் பிரான்ஸ் தனி வழி. உலகச் சந்தை ஆங்கில, இத்தாலிய அளவுகளில் நிலைத்தபோது, பிரெஞ்சு வண்டிக்கு உதிரிப்பாகம் தேடுவது எரிச்சலூட்டும் வேலையானது. பிரேக்குக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு குறைவு. ஆனாலும் மாஃபாக் விற்பனை பிரெஞ்சுச் சைக்கிள்களோடு பிணைந்திருந்தது. அவை சரிந்தபோது அதுவும் சரிந்தது.

இந்த நான்கையும் நான் மறுக்கவில்லை. இருந்தும் முக்கியமான ஒன்று இவற்றில் விடுபட்டுப்போகிறது. மாஃபாக்கின் பிரேக் அதன் முழு ஆற்றலைக் காட்டியது பிரேமில் முளை பற்றவைத்தபோதுதான். அதற்குச் சைக்கிள் கட்டுநர் தன் பிரேமை அந்த பிரேக்குக்காகவே கட்ட வேண்டும். எர்ஸும் சேஞ்சேயும் கட்டினார்கள், ஆனால் அவர்கள் செய்தது ஆண்டுக்குக் கைவிரல் விட்டு எண்ண முடியாவிட்டாலும் எளிதில் எண்ணி முடித்துவிடக்கூடிய வண்டிகள். நிறுவனத்துக்குச் சோறு போட்டது பெஜோ, மோட்டோபெகான், ஜித்தான் போன்ற பேராலைகள். அவர்களுக்கு எந்தப் பிரேமிலும் ஒரே போல்ட்டில் மாட்டும் பிரேக்தான் வேண்டும். ஆக மாஃபாக் தன் சிறந்த யோசனையின் சுமாரான வடிவத்தைப் பெருவாரியாக விற்றுக்கொண்டே இருந்தது. விற்ற காலத்தில் அந்த வடிவத்தைப் பெரிதாகத் திருத்தவும் இல்லை. 1950களின் ரேசருக்கும் 1970களின் ரேசருக்கும் ஒரு மெக்கானிக்கின் கண்ணுக்குத்தான் வேறுபாடு தெரியும். பக்க இழுவையைக் கம்பாக்னோலோ தேய்த்துத் தேய்த்து மெருகேற்றிய அதே ஆண்டுகளில், நடு இழுவையை வளர்த்தவர்கள் பாலத் தகட்டைத் தடிப்பாக்கக்கூட முனையவில்லை. சந்தையே தங்களிடம் வந்துகொண்டிருந்ததால் தேவை தோன்றியிருக்காது.

யோசனை சாகவில்லை என்பதற்கு அடுத்து நடந்தவை ஆதாரம். கலிஃபோர்னியாவின் மரீன் வட்டாரத்தில் மலைச் சைக்கிள் பிறந்தபோது, 1979இல் கேரி ஃபிஷரும் சார்லி கெல்லியும் டாம் ரிச்சியின் பிரேம்களைப் பூட்டி விற்ற தொடக்ககால வண்டிகளில் மாஃபாக் கேண்டிலீவர்கள் இருந்தன. பிடிகள் மோட்டார் சைக்கிளிலிருந்து வந்தவை. பாரிஸ் டாண்டம் ஓட்டிகளுக்காகச் செய்தது அமெரிக்க மலைச்சரிவில் கைகொடுத்தது. ஷிமானோ 1980களின் நடுவில் மலைச் சைக்கிளின் பின்சக்கரத்துக்கென்று கொண்டுவந்த யு-பிரேக், பிரேமில் முளை பற்றவைத்த நடு இழுவையேதான். பிஎம்எக்ஸ் வண்டிகளில் அது இன்றும் ஓடுகிறது. பக்க இழுவையின் கொடியைத் தூக்கிய கம்பாக்னோலோவே அதே 1980களில் ‘டெல்டா’ என்ற பெயரில் முக்கோண உறைக்குள் நடு இழுவை பிரேக் செய்தது. அழகு அசத்தலாக இருந்தது. எடையும் சிக்கலும் அதற்கு ஈடாக இருந்தன. ஷிமானோ 1990 வாக்கில் பரப்பிய இரட்டை ஆணி பிரேக்கில் ஒரு கை நடுவிலும் மற்றது பக்கத்திலும் சுழல்கிறது. பந்தயச் சைக்கிளின் பொது வழக்காக அது அடுத்த கால் நூற்றாண்டுக்கு நின்றது. ஆணியைப் பக்கவாட்டுக்குத் தள்ளிக் கையைக் குட்டையாக்கும் தந்திரம் அதில் பாதி குடிகொண்டிருக்கிறது.

கடைசியாக வந்தவர்கள் மீட்பர்கள். சியாட்டிலிலிருந்து ‘பைசைக்கிள் குவார்ட்டர்லி’ இதழை நடத்திய யான் ஹைனே பழைய பிரெஞ்சு நெடும்பயணச் சைக்கிள்களை ஆண்டுக்கணக்கில் ஓட்டி எழுதி, பற்றவைத்த நடு இழுவைக்கு மீண்டும் மதிப்பு ஏற்படுத்தினார். அவருடைய நிறுவனம் மாஃபாக் ‘ரைட்’ மாதிரியின் அடிச்சுவட்டில் புதிய நடு இழுவை பிரேக்குகளை விற்கிறது. கலிஃபோர்னியாவின் பால் காம்பொனென்ட் செய்யும் நடு இழுவைக்கு ‘ரேசர்’ என்றே பெயர். அவர்களுடைய ‘நியோ-ரெட்ரோ’ கேண்டிலீவர் மாஃபாக்கின் அகலக் கைகளைப் பார்த்துச் செய்தது. இவை விலை உயர்ந்தவை, வாங்குபவர்கள் சிலரே. எர்ஸின் வாடிக்கையாளர்களும் சிலரே இருந்தார்கள்.

2018இலிருந்து பந்தயச் சாலைகளில் டிஸ்க் பிரேக் முழு அனுமதியோடு ஓடுகிறது. ரிம்மை அழுத்தும் பிரேக்குகள் அனைத்தும், கம்பாக்னோலோ ரெக்கார்ட் உட்பட, இப்போது பழையவை என்ற ஒரே பட்டியலில் சேர்ந்துவிட்டன. அந்தப் பட்டியலிலிருந்து எதையாவது எடுத்து இன்றைக்கு ஓட்ட விரும்புகிறவருக்கு மாஃபாக் ரேசர் கடினமான தேர்வு இல்லை. பழைய சந்தைகளில் மலிவாகவே கிடைக்கிறது. பித்தளைப் புஷ்ஷை எடுத்துச் சுத்தம் செய்து எண்ணெய் விட்டால் சுழலும். நான்கு குமிழ் ரப்பர் காய்ந்து கல்லாகியிருக்கும், அதைத் தூக்கிப்போட்டுவிட்டு அதே தண்டு அளவில் இன்றும் வரும் கூல்-ஸ்டாப் கட்டைகளைப் போடலாம். குறுக்கு ஒயரை மட்டும் புதிதாக மாற்றிவிட வேண்டும். பிரதான ஒயர் அறுந்தால் குறுக்கு ஒயர் டயரின் மேல் விழுந்து சக்கரத்தைப் பூட்டிவிடும், ஆகையால் முன்பக்கம் மட்கார்டு இல்லாமல் ஓட்டாதீர்கள் என்பது பழைய மெக்கானிக்குகளின் அறிவுரை.